முக்காலியில் உட்கார்ந்த குற்றம்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்று நான் நம்பிக்கொள்கிறேன், நாங்கள் இங்கே சுகமாக இருப்பதாக நீயும் நம்பிக்கொள். உள்ளதைச் சொன்னால் எனக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, உன் அப்பாவுக்கு எடை இறங்கியிருக்கிறது, கூட்டிக் கழித்துப் பார்த்தால் வீடு சமமாகத்தான் ஓடுகிறது. இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்பாய். நான் போனில் சொல்லும்போது நீ ம், ம் என்று கேட்டுக்கொண்டே அந்தப் பக்கம் கம்ப்யூட்டரைத் தட்டுவது எனக்குக் கேட்கிறது பாப்பா. கடிதத்தை அப்படிப் படிக்க முடியாது, கண் ஒரு இடத்தில்தான் இருக்கும். அதுவும் போக, நீதான் இப்போது எங்கள் போனையே எடுப்பதில்லையே. கையெழுத்துப் போடுகிறேன் என்று என்னிடம் ஆமாம் சொல்லிவிட்டு அப்பா ஏன் போடவில்லை, என்னை முட்டாளாக்கிவிட்டார் என்று எனக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டாய். உன் கோபம் நியாயம்தான். ஆனால் நடந்தது முழுக்க உனக்குத் தெரியாது, உனக்குச் சொல்லவேண்டியவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார், ஆகவே வழக்கம்போல ஊர்வம்பு பேசுகிற பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. எனக்கு அது கசக்கிறது என்று நான் பொய் சொல்லமாட்டேன்.

நீ பள்ளிக்கூடத்திலேயே விடுதிக்குப் போனவள், சட்டம் படித்து முடித்த கையோடு கப்பல் கம்பெனிக்கு ஒப்பந்தம் எழுதப் போய்விட்டாய், அதனால் உன் அப்பாவின் வேலையை நீ கிட்ட இருந்து பார்த்ததில்லை. காசு கொடுத்து வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்கு அரசாங்கம் ஒரு பட்டியல் வைத்து ஆள் கொடுக்கிறது இல்லையா, அந்தப் பட்டியலில் உன் அப்பா பேர் ஏறியபோது நீ இன்னும் தவழ ஆரம்பிக்கவில்லை. நானும் கோர்ட்டுக்குள் போய்ப் பார்த்தவள் இல்லை, ஆனால் கோர்ட் வாசலுக்கு எதிரே வக்கீல்களுக்குக் கவுன் தைத்துக்கொண்டு இத்தனை வருஷம் உட்கார்ந்திருப்பவளுக்கு உள்ளே போகவேண்டிய அவசியம் என்ன இருக்கிறது. தோள் அளவு எடுக்கும்போது ஒரு மனுஷன் கையை அகட்டி நிற்கிறான், வேறு ஒன்றும் செய்ய முடியாது, பேசத்தான் முடியும். அப்படி என் டேப்புக்குள் மாட்டிக்கொண்டு பேசாத வக்கீல் இந்தக் கோர்ட்டில் கிடையாது. அவர்களெல்லாம் உன் அப்பாவுக்கு வைத்திருக்கும் பேர் முக்காலி வக்கீல். அந்த மடக்கு முக்காலியை நீ பார்த்திருப்பாய், மூன்று கால், மேலே முக்கோணத் துணி, குடை மாதிரி மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். துணி கிழியக் கிழிய நான்தான் கவுன் வெட்டிய மிச்சத்தில் இரட்டை மடிப்பாகத் தைத்துக் கொடுப்பேன். லாக்கப்புக்கு வெளியே கைதிகளை வரிசையாகத் தரையில் உட்கார வைத்திருப்பார்கள், மற்ற வக்கீல்கள் நின்றபடியே குனிந்து இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போவார்கள், உன் அப்பா முக்காலியை விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேசுவார். ஏன் இந்தக் கூத்து என்று அவர் பட்டியலில் சேர்ந்த புதிதில் கேட்டேன். "நின்னுக்கிட்டு கேட்டா அவன் எல்லாத்துக்கும் ஆமான்னுதான் சொல்லுவான். பக்கத்துல உக்காந்தாத்தான் இல்லைன்னு சொல்றதுக்குத் தைரியம் வரும்" என்றார். அப்போது நானும் பெரிதாக ஆமாம் என்று தலையாட்டினேன், நின்றுகொண்டுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த மழைக்காலத்துக்கு முன்னால் புதிதாக ஒரு நீதிபதி வந்தார். நல்ல மனுஷன்தான் என்று சொல்கிறார்கள், கை சுத்தம், ஆனால் தேங்கிக் கிடக்கிற கேஸ் கட்டுகளை எல்லாம் காலி செய்துவிட்டுத்தான் மறுவேலை என்று வந்ததும் அறிவித்துவிட்டார். வாய்தா என்ற வார்த்தையை அவர் காதில் போடக்கூடாது. ஒருநாள் காலையில் உன் அப்பா கைக்கு ஒரு கேஸ் வந்தது. ஒரு மருந்துக் கிடங்கின் காவலாளி, அவன் காவலில் இருந்தபோது பெட்டி பெட்டியாக மருந்து போய்விட்டது, அவனே கதவைத் திறந்துவிட்டான் என்பது குற்றச்சாட்டு. லாக்கப்புக்குப் போய் உட்கார்ந்து பேசலாம் என்று அப்பா எழுந்தபோதே அந்தக் கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள், வரிசைப்படி அது மத்தியானம் வரவேண்டியது. கட்சிக்காரரோடு இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, மத்தியானத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று அப்பா மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். எல்லாம் தாளில் இருக்கிறது, இங்கேயே ஒரு வார்த்தை பேசிவிட்டு ஆரம்பியுங்கள் என்றாராம் நீதிபதி. வேறு யாராக இருந்தாலும் கூண்டுப் பக்கம் திரும்பி, என்னப்பா, சரியா என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருப்பார்கள். உன் அப்பா பையிலிருந்து முக்காலியை எடுத்து, விரித்து, கூண்டை ஒட்டிப் போட்டு, நீதிபதிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். காவலாளியையும் உட்காரச் சொல்லியிருக்கிறார். அவன் பாவம், கூண்டுக்குள் நாற்காலி ஏது, அப்படியே தரையில் குத்தவைத்துவிட்டான். மேலே இருந்து பார்த்தால் எப்படி இருந்திருக்கும் யோசித்துப் பார். ஒரு வக்கீலின் முதுகு, அதற்கு முன்னால் ஆளே இல்லாத கூண்டு, அங்கிருந்து இரண்டு பேர் குசுகுசுவென்று பேசும் சத்தம். கேட்டபோது நான் வாயில் ஊசியை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டேன், நல்லவேளை விழுங்கவில்லை. சிரித்ததற்கு அப்புறம் அனுபவித்தேன்.

நீதிபதி எழுந்திருங்கள் என்றார். இன்னும் பேசி முடிக்கவில்லை என்று அப்பா திரும்பாமலே சொன்னாராம். மறுபடியும் எழுந்திருங்கள் என்றார். அப்பா கையை மட்டும் தூக்கி, கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல் காட்டினாராம், நீ சின்ன வயதில் அவர் பேப்பர் படிக்கும்போது தொந்தரவு செய்தால் காட்டுவாரே, அதே கை. கடைசியில் கோர்ட்டில் பேர் கூப்பிடுகிற டவாலி வந்து அவர் காதில், ஐயா எழுந்திருங்கள், என் வேலை போய்விடும் என்று சொன்னதும் சட்டென்று எழுந்துவிட்டார். அதுதான் எரிகிற நெருப்பில் எண்ணெய். நீதிபதி சொல்லி எழாதவர் டவாலி சொல்லி எழுந்தார் என்று புகாரில் தனியாக ஒரு பத்தியே இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் காவலாளி என்ன சொன்னான் தெரியுமா, அன்றைக்குப் பின்பக்கக் கதவின் பூட்டு உடைந்திருந்ததால் மேஸ்திரி அவனை அங்கே போய் நிற்கச் சொன்னானாம், முன்பக்கத்தில் வேறு ஆள் நின்றானாம். இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றால், யாரும் கேட்கவில்லையாம். யார் அந்த இன்னொரு ஆள் என்று அப்பா கேட்க வாயெடுத்தபோதுதான் டவாலி வந்தான். அப்பாவை அந்தக் கேஸிலிருந்து அங்கேயே நீக்கி, வராந்தாவில் நின்றுகொண்டிருந்த வேறொரு சட்ட உதவி வக்கீலிடம் கொடுத்தார்கள். அவரை நாங்கள் மின்னல் என்போம், வருவதும் தெரியாது போவதும் தெரியாது. மின்னல் நின்றபடியே காவலாளியிடம், ஒத்துக்கொண்டால் தண்டனை குறையும், சரியா என்று கேட்டார், அவன் ஆமாம் என்றான். சாப்பாட்டு வேளைக்குள் எல்லாம் முடிந்தது, இரண்டு வருஷம் ஜெயில்.

அதற்கப்புறம் புகார் வந்தது, ஒழுங்கு நடவடிக்கைக் குழு என்றார்கள், முக்காலியைக்கூடச் சாட்சிப்பொருள் என்று ஒரு அட்டையைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என் தையல் கோர்ட் ஏறியது அதுதான் முதல் தடவை, அட்டை கட்டிய நூல்கூட மட்டமான நூல். உன் அத்தை செய்தி கேட்டதும் துக்கம் விசாரிக்க வருகிற மாதிரி வெள்ளை உடுத்திக்கொண்டு வந்து, என் தம்பி சின்ன வயதிலிருந்தே உட்கார்ந்த இடத்தைவிட்டு எழமாட்டான், நான் அப்போதே சொன்னேன் என்று ஒரு மணி நேரம் புலம்பிவிட்டு, போகும்போது இரண்டு ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனாள். குழுவிலிருந்து தூதும் வந்தது. எழுத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டால் வெறும் எச்சரிக்கையோடு விட்டுவிடுவோம், இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாதவர், எங்களுக்கும் மனசு இல்லை என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை, கட்சிக்காரரோடு பேச எனக்குப் போதிய அவகாசம் கொடுக்கப்பட்டது என்று அந்த மன்னிப்பில் ஒரு வரி இருக்கவேண்டும். அந்த வரி எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. உன் அப்பாதான் சொன்னார், காவலாளி அப்பீல் போட்டிருக்கிறான், வக்கீலோடு பேசவே விடவில்லை என்பதுதான் அப்பீலில் அவனுக்கு இருக்கிற ஒரே பிடி, நான் அந்த வரியை எழுதிக்கொடுத்தால் அதை நேரே கொண்டுபோய் அங்கே வைப்பார்கள், அவ்வளவுதான், மேல்கோர்ட் கதவு சாத்திக்கொள்ளும் என்றார். எழுதாவிட்டால் பட்டியலிலிருந்து அவர் பேர் போகும். அதுதான் கணக்கு. அப்போதுதான் நான் உனக்குப் போன் செய்தேன், நீ அன்றைக்கு மத்தியானமே மன்னிப்பை எழுதி அனுப்பிவிட்டாய், அந்த வரியையும் சேர்த்து. நான் உன்மேல் பழி போடவில்லை, கேட்டவளே நான்தான். அதைக் கையில் வாங்கியபோது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உனக்குத் தெரியாது.

குழுவின் விசாரணைக்கு முந்தின சாயங்காலம் கடைக்கு ஒரு பெண் வந்தாள். கிழிசல் தைக்க வந்தவள் என்று நினைத்து, வை, நாளைக்குத் தருகிறேன் என்றேன். காவலாளியின் மனைவியாம். உட்கார் என்றதற்கு உட்காரவில்லை, மெஷினைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஜெயிலில் அவனைப் பார்த்துவிட்டு நேரே வருகிறாளாம். வக்கீல் ஐயாவுக்குத் தன்னால் வேலை போகிறது என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் கேட்கிற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். "என்கிட்ட ஒருத்தர் உக்காந்து பேசினாரு, அது போதும்னாரு. வேற ஒண்ணும் சொல்லலைம்மா" என்றாள். அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், அதையும் நின்றபடியே குடித்தாள். அவள் தலை மறைந்ததும் உன் அம்மா என்ன செய்தாள் என்று நினைக்கிறாய், இரக்கப்பட்டு அழுதாளா. கடையை அப்படியே சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன், ஒரு செருப்பின் வார் அறுந்ததுகூடத் தெரியவில்லை. கட்சிக்காரனே சொல்லிவிட்டான், இனி உங்களுக்கு என்ன வந்தது, கையெழுத்தைப் போடுங்கள் என்று மூச்சிரைக்கச் சொன்னேன், ஜெயித்த வக்கீல் மாதிரி. உன் அப்பா சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். கடைசிப் பொத்தானையும் போட்டு முடித்தார். "அவன் எனக்காகப் பேசறான். நான் அவனுக்காகப் பேசறவன். ரெண்டு பேரும் இடம் மாறி உக்காரக் கூடாதும்மா" என்றார். என்னை அவர் அம்மா என்று கூப்பிடுவது ரொம்ப அபூர்வம், பெரும்பாலும் எனக்கு எதிராகத் தீர்ப்பாகும்போதுதான்.

விசாரணை நடந்த இடம் கோர்ட்டுக்குப் பின்னால் இருக்கிற பழைய கட்டடத்தில், மாடியில். வெளியாட்களுக்கு அனுமதியில்லை, நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். மழையில் கதவு உப்பிப்போய்ச் சாத்த வரவில்லை. ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்காதே, கதவுதான் ஒட்டவில்லை. குழுவில் மூன்று பேர், மூன்று பேருக்கும் நான் தைத்திருக்கிறேன். தலைவர் மார்பு நாற்பத்தாறு, கடைசியாக அளவெடுத்தபோது நாற்பத்தைந்து என்று எழுதச் சொன்னார். இன்னொருவர் கழுத்துப்பட்டை எப்போதும் இறுக்கிவிடும் என்று சண்டை போடுபவர். மூன்றாவது அம்மாளுக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம், அதை மறைக்க நான் உள்ளே பஞ்சு வைத்துத் தருவேன், அந்த ரகசியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது உனக்குச் சொல்லிவிட்டேன். இவர்களையெல்லாம் கையை அகட்டி நிற்க வைத்தவள் நான், அன்றைக்கு அவர்கள் இருமினாலே நான் பெஞ்சைவிட்டு எழுந்துவிட்டேன். உன் அப்பா நின்றுகொண்டிருந்தார். மேஜைமேல் முக்காலி மடித்த மேனிக்கு இருந்தது.

முதலில் அவருடைய சர்வீஸ் விவரத்தைப் படித்தார்கள். புகார் எதுவும் இல்லை, தாமதம் இல்லை, லீவு குறைவு, எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் நம் நாற்பத்தாறு, அதாவது தலைவர், கண்ணாடியை இறக்கிக்கொண்டு, நடத்திய கேஸ்களில் விடுதலை எத்தனை, தண்டனை எத்தனை என்று வாசித்தார். எண்ணிக்கையை நான் உனக்கு எழுதமாட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது, ராத்திரி ராத்திரியாகக் கட்டுகளோடு மல்லுக்கட்டியது எல்லாம் இதற்காகவா என்று எனக்கே தோன்றியது, அப்படித் தோன்றியதற்காக என்னை நான் கிள்ளிக்கொண்டேன். பெரும்பாலும் தோற்ற கேஸ்தான் இருக்கிறது, உட்கார்ந்து உட்கார்ந்து பேசினீர்களே, பேசி என்ன ஆயிற்று என்று அவர் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டார், அதுதான் இன்னும் வலித்தது. வெளியே குழாயில் மழைத்தண்ணீர் போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "தோக்கறவனுக்கும் எதுல தோத்தோம்னு தெரியணும் இல்லைங்களா" என்றார் உன் அப்பா. கழுத்துப்பட்டைக்காரர் பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

இடைவேளை விட்டார்கள். அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கைப்பையிலிருந்து நீ எழுதிய மன்னிப்பையும் பேனாவையும் எடுத்து அவர் மடியில் வைத்தேன். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை படித்தார், விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே. புள்ள பிரமாதமா எழுதியிருக்கா, எங்கேயும் ஒரு ஓட்டை இல்லை என்றார். இந்த மனுஷன் முகத்தில் அந்த மாசம் முழுக்க நான் பார்த்த ஒரே சந்தோஷம் அதுதான். சரி, போட்டுவிடப்போகிறார் என்று நான் மூச்சை விட்டேன். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். உள்ளே போய், "உக்காந்ததுக்கு மன்னிப்புக் கேக்கறேன். முதுகு காட்டினதுக்கும் கேக்கறேன், அது தப்பு. அவகாசம் குடுத்தாங்கன்னு மட்டும் சொல்ல மாட்டேன்" என்றார். ஒரு வார்த்தை பேசச் சொன்னதே அவகாசம்தானே என்று பஞ்சுத் தோள் அம்மாள் நயமாகத்தான் எடுத்துக்கொடுத்தார்கள். ரெண்டு வருஷம் போற ஆளுக்கு ஒரு வார்த்தை எப்படிப் போதும் என்று அப்பா கேட்டார். மன்னிப்பென்றால் முழுசாகக் கேட்கவேண்டும், அரைமன்னிப்பு எங்கள் விதியில் இல்லை என்று நாற்பத்தாறு சொல்லிவிட்டார்.

ஒரு வருஷம் பட்டியலிலிருந்து நீக்கம், சர்வீஸ் ஏட்டில் கண்டனம். ஒரு வருஷம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாமாம், ஆனால் இந்த வயதில் நீக்கியவரை மறுபடி சேர்த்ததாகச் சரித்திரம் இல்லை என்று மின்னலே என்னிடம் சொன்னார். கை நீளத்தைக் குறைக்க வந்தவர், கண்ணைப் பார்க்காமல் சொன்னார். அவர் கவுனை வேண்டுமென்றே கோணலாக வெட்டிவிடலாமா என்று கத்தரியை எடுத்தேன். அவருக்கு இரண்டு குழந்தைகள், தினம் ஏழெட்டுக் கேஸ் தலையில் கட்டுகிறார்கள், நேராகவே வெட்டிவிட்டேன். முக்காலியைத் திருப்பித் தரவில்லை, கோப்பு மூடுகிறவரை அவர்களிடம்தான் இருக்குமாம். அப்பா முதல் வாரம் தினமும் அதே நேரத்துக்குக் குளித்து, உடுத்தி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டார். எங்கே போகிறார் என்று ஒருநாள் கடை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கோர்ட் வாசல்வரை வந்தார், எதிரே என் கடை இருப்பது திடீரென்று ஞாபகம் வந்தமாதிரி என் பக்கம் பார்த்தார், நான் குனிந்துகொண்டேன், அவர் பஸ் நிறுத்தம் பக்கம் திரும்பி நடந்துவிட்டார். இப்போது அதுவும் இல்லை. படுத்தே கிடக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வந்து பாதியில் எழுந்துவிடுகிறார். நேற்று நான் வேண்டுமென்றே உப்புப் போடாமல் சமைத்து வைத்தேன், திட்டவாவது செய்வாரா என்று. நன்றாக இருக்கிறது என்றார். பாப்பா, எனக்கு அப்போதுதான் பயமாகப் போய்விட்டது. அவரை அரிப்பது அந்த நீக்கம் இல்லை, வாசித்தார்களே அந்த எண்ணிக்கை. ஒவ்வொருத்தன் முகமாக ஞாபகப்படுத்திக்கொண்டு படுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். பாதித் தூக்கத்தில் யாரையோ, பின்பக்கக் கதவா, முன்பக்கக் கதவா என்று கேட்கிறார்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். அப்பா உன்னிடம் ஆமாம் என்று சொன்னது நிஜம், நான் பக்கத்தில்தான் இருந்தேன். நீ எங்கிருந்து பேசினாய் என்று ஞாபகம் இருக்கிறதா. ரயிலைப் பிடிக்க நடந்துகொண்டே பேசினாய். உன் செருப்புச் சத்தம், அறிவிப்புச் சத்தம், யாரையோ நகரச் சொல்கிற சத்தம் எல்லாம் எங்களுக்குக் கேட்டது. அதற்கு நடுவில், அப்பா பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், வேறு வழியில்லை, சரியா, சரிதானே என்று மூன்று தடவை கேட்டாய். ஆமாம்மா என்றார். அவர் வேறு என்ன சொல்லுவார், நீயே சொல். அந்த மன்னிப்பை எழுதுவதற்கு முன்னால் நீ அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, நானும் கேட்கவிடவில்லை, எனக்கு அவசரம். கோணலாக வெட்டிய துணியைத் தையல்காரி மகளிடம் காட்டி நீ தைத்ததுதான் தப்பு என்று சொல்வது எனக்கு வராது, வெட்டியது நான். ஆனால் அவர் பொய் சொன்னார் என்று மட்டும் நினைக்காதே.

காவலாளியின் அப்பீல் அடுத்த மாசம் வருகிறது. அதில் அப்பா வக்கீலாக நிற்க முடியாது, ஆனால் அன்றைக்கு என்ன நடந்தது என்று சாட்சியாகப் பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம். அதை அவரே எழுதப் பார்க்கிறார். எழுத ஆரம்பித்தால் மூன்றாவது வரியில் கோபம் வந்துவிடுகிறது, நீதிபதியைத் திட்டி எழுதுகிறார், கிழிக்கிறார், மறுபடி படுத்துக்கொள்கிறார். குப்பைக்கூடை நிறைந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் பார்த்தேன், நீ எழுதிய அந்தத் தாளை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து உன் மாதிரி எழுத முயற்சி பண்ணுகிறார். அவர் உன்னிடம் கேட்கமாட்டார். இத்தனை பேருக்கு வக்கீலாக இருந்தவருக்குத் தனக்கென்று ஒரு வக்கீல் கேட்க வாய் வரவில்லை. அதனால் நான் கேட்கிறேன். ஓட்டையில்லாமல், கோபமில்லாமல் அந்தப் பத்திரத்தை நீ எழுதிக் கொடு. எழுதினாலும் அப்பீல் ஜெயிக்கும் என்று யாரும் சொல்லவில்லை, ஜெயிக்காது என்றுதான் கோர்ட் வாசலில் பேசிக்கொள்கிறார்கள், தோற்றால் இவர் கணக்கில் இன்னொன்று ஏறும். ஆனாலும் எழுது. எழுதுவதற்கு முன்னால் அவருக்குப் போன் செய், ஞாயிற்றுக்கிழமை, உனக்கு வேலையில்லாத வேளையில். கம்ப்யூட்டரை மூடிவிடு. அன்றைக்கு நடந்ததை ஆரம்பத்திலிருந்து கேள். அவர் இல்லை, வேண்டாம், உனக்கெதுக்கு என்பார், சொல்லட்டும், இல்லை என்று சொல்லிப் பழகட்டும். நீ அதுவரை எழுந்திருக்காதே.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. உன் அறை ஜன்னலில் தண்ணீர் ஒழுகுகிறது, ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குளிர் அதிகம் என்றாயே, நான் அனுப்பிய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொள், கவுன் துணிதான், ஆனால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டு சாப்பிடாதே. நீ நல்லாயிருக்கவேண்டும், உன் கை எழுதுகிற எதிலும் ஓட்டை விழாமல் இருக்கவேண்டும் என்று உன் அப்பா வாயைத் திறக்காமல் ஆசீர்வதிக்கிறார், நான் திறந்த வாய் மூடாமல் ஆசீர்வதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, மறந்துவிடாதே. போன் மணி அடித்தால் நான் எடுக்கமாட்டேன், குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன், அவர்தான் எழுந்து வந்து எடுக்கவேண்டும். போனுக்குப் பக்கத்தில் என் கடை ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு வைத்திருக்கிறேன்.

உன்மேல் கோபமில்லாத,
அம்மா